செம்பட்டைத் தலையும் சிவப்புத் தொப்பியும்

'செம்பட்டைத் தலையர்கள் தேவை' என்று புதுச்சேரியில் பேப்பரில் விளம்பரம் கொடுத்தால் முதலில் வந்து நிற்பவர் போக்குவரத்துக் காவலராகத்தான் இருப்பார். பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பியது 1954-ல். அவர்கள் விட்டுப்போன சிவப்புக் கெப்பித் தொப்பி மட்டும் எங்கள் போலீஸ்காரர்களின் தலையை விட்டு இன்னும் இறங்கவில்லை.

லண்டனில் அப்படி விளம்பரம் கொடுத்தவர்கள் திருடர்கள். கானன் டாயில் 1891-ல் எழுதிய கதை அது. ஜெரமி பிரெட் ஷெர்லாக் ஹோம்ஸாக நடித்த கிரனாடா தொடரில் 1985-ல் வந்தது. வில்சன் என்று ஒரு அடகுக்கடைக்காரர். தலைமுடி நெருப்பு நிறம். பாதிச் சம்பளம் போதும் என்று ஒரு வேலையாள் அவரிடம் வந்து சேர்கிறான். (கதையை இங்கேயே முடித்திருக்கலாம். பாதிச் சம்பளம் கேட்கிறவன் திருடன் என்று எங்கள் தெரு மளிகைக்கடைக்காரரே சொல்லிவிடுவார்.) அவன்தான் விளம்பரத்தைக் காட்டுகிறான். செம்பட்டை முடிக்காரர்களுக்கென்று ஒரு சங்கம். தினம் 10 மணி முதல் 2 மணி வரை போய் உட்கார்ந்து கலைக்களஞ்சியத்தைப் பார்த்துக் கையால் நகல் எடுக்கவேண்டும். வாரத்துக்கு 4 பவுண்டு. 8 வாரம் எழுதுகிறார் வில்சன். 'ஏ' எழுத்தைக்கூட முடிக்கவில்லை, ஒரு நாள் கதவில் 'சங்கம் கலைக்கப்பட்டது' என்று அட்டை தொங்குகிறது. அவர் எழுதிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் கடைக்கு அடியிலிருந்து வங்கிக்குச் சுரங்கம் போய்க்கொண்டிருந்தது.

இதைக் கண்டுபிடித்த ஹோம்ஸை எல்லாரும் மெச்சுவார்கள். எங்கள் தெரு சொல்தா தாத்தா மெச்சவில்லை. அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். வருஷம் ஒரு முறை, தான் உயிரோடு இருப்பதாகச் சான்றிதழ் அனுப்புவார். மாதாமாதம் யூரோவில் பென்ஷன் வந்துவிடும். எங்கேயோ இருக்கிற வெள்ளைக்காரன் காரணம் கேட்காமல் பணம் தருவதில் அவருக்கு எந்த மர்மமும் தெரியவில்லை.

"நல்ல சங்கம்பா அது. இந்த ஆள் வந்து கெடுத்துட்டான்."

"தாத்தா, அவங்க வங்கியில 30,000 நெப்போலியன் தங்கக் காசைத் திருட வந்தவங்க. பிரான்ஸ் வங்கிகிட்ட கடன் வாங்கி வெச்சிருந்த காசு."

தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப அது நம்ப காசு!" அதற்குப் பிறகு ஹோம்ஸ் பக்கம் சாய்ந்துவிட்டார்.

கிரனாடாக்காரர்கள் கதையில் இல்லாத, ஹோம்ஸின் பரம எதிரியான பேராசிரியர் மோரியார்ட்டியை இழுத்து வந்து, எல்லாம் அவன் போட்ட திட்டம் என்று ஆக்கிவிட்டார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. இவ்வளவு வேடிக்கையான மோசடிக்குப் பேராசிரியர் எதற்கு?

டாயிலுக்குப் புதுச்சேரி மேல் என்ன கோபமோ! 'நால்வர் சின்னம்' நாவலில் புதையலைப் பதுக்கி வைத்திருக்கும் வீட்டின் பெயர் பாண்டிச்சேரி லாட்ஜ். 'ஐந்து ஆரஞ்சு விதைகள்' கதையில் மிரட்டல் கடிதத்தின் மேல் பாண்டிச்சேரித் தபால் முத்திரை. இங்கிலாந்தில் யாரையாவது நடுங்கவைக்க வேண்டுமென்றால் எங்கள் ஊர் தபால்பெட்டிதான் அவருக்குக் கிடைத்தது.

நிஜமாகவே ஒரு பெரிய சூழ்ச்சி இங்கே நடந்தது. அதைப் படமெடுக்கத்தான் ஆளில்லை. 1908-ல் பாரதியாரும், 1910-ல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வெள்ளையனிடமிருந்து தப்பி இங்கே வந்தார்கள். 1911 ஜூனில் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பிறகு பிரிட்டிஷ் ஒற்றர்கள் இந்த ஊரை மொய்த்தார்கள். பிரெஞ்சு மண்ணில் கைது செய்ய முடியாதே! அதனால் பிரெஞ்சுப் போலீஸையே ஏவிவிட ஏற்பாடு. அரவிந்தரின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்வது இது: ஒரு ஜாடிக்குள் காளி படம் போட்ட ராஜத்துரோகத் துண்டுப் பிரசுரங்களைத் திணித்து ஐயர் வீட்டுக் கிணற்றில் போட்டுவிட்டார்கள். மயூரேசன் என்பவர் புகார் கொடுக்கவேண்டும், பிரெஞ்சுப் போலீஸ் வந்து சோதனை போடவேண்டும், ஜாடி அகப்படவேண்டும்.

அவர்கள் கணக்கில் வராதவள் வீட்டு வேலைக்காரி. தண்ணீர் இறைக்கப் போனவளின் வாளியோடு ஜாடியும் மேலே வந்துவிட்டது.

துப்பறியும் தொடராக இருந்தால் இப்போது ஐயர் முகம் வெளுக்கும். காகிதங்களை அடுப்பில் போடுவார். பாதி எரியும்போது கதவு தட்டப்படும். இவர்கள் அந்த வம்புக்கே போகவில்லை. பாரதியார் அரவிந்தரிடம் போய்க் கலந்து பேசினார். நேரே பிரெஞ்சு அதிகாரிகளுக்கே சொல்லியனுப்பிவிட்டார்கள்: எங்கள் கிணற்றில் இப்படி ஒன்று கிடைத்தது, வந்து பாருங்கள். பாதிக்கப்பட்டவர் முதல் காட்சியிலேயே போலீஸுக்குப் போனால் ஹோம்ஸுக்கு என்ன வேலை, அவர் கூட்டாளி வாட்சனுக்குத்தான் என்ன வேலை?

சோதனை நடக்காமல் இல்லை. அரவிந்தர் வீட்டுக்கு விசாரணை நீதிபதியே வந்தார். வெடிகுண்டு தேடி வந்தவர் கண்ணில் பட்டதெல்லாம் கிரேக்கப் புத்தகமும் லத்தீன் புத்தகமும். படித்த பிரெஞ்சுக்காரர், லத்தீன் தெரிந்தவன் குண்டு வீசமாட்டான் என்று எந்தச் சட்டத்தில் படித்தாரோ, அசந்துபோய், ஒரு நாள் தன்னை வந்து பார்க்கவேண்டும் என்று அழைத்துவிட்டுப் போனார்.

புகார் பொய்யென்றானதும் வழக்கு மயூரேசன் பக்கம் திரும்பும்போலிருந்தது. மனிதர் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு ஓடிப்போனார். தலைக்கு வாரண்டு வந்தவர்களெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து புதுச்சேரிக்கு ஓடிவந்துகொண்டிருந்த காலம் அது. எதிர்த்திசையில் ஓடியவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.