அப்பா பெயர் அப்புறம்!

கேள்வி: மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து லேத் பட்டறையில் 3 ஆண்டு அனுபவம். எங்கே பயோடேட்டா அனுப்பினாலும் பதிலே இல்லை. எதை மாற்றலாம்?
– வாசகர், கோவை

பதில்: வரிசையை மாற்றுங்கள்! 1482 வாக்கில் மிலான் நகர ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டுக் கடிதம் எழுதினார் லியோனார்டோ டா வின்சி. எளிதாகத் தூக்கிச்செல்லும் பாலம், பீரங்கி, அகழி நீரை வடிக்கும் வழி என்று அடுக்கிவிட்டு, ஓவியத்தைக் கடைசியில்தான் சொன்னார். போர்க்காலத்தில் ஆள்பவருக்கு எது வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

நீங்களோ அப்பா பெயர், மதம், திருமண நிலை என்று தொடங்கியிருப்பீர்கள். அதெல்லாம் கல்யாணத் தரகருக்கு! 'கடின உழைப்பாளி' என்று ஊரே எழுதுகிறது. 'சிஎன்சி லேத்தில் 0.02 மி.மீ. டாலரன்ஸுக்குள் ஷாஃப்ட் கடைந்திருக்கிறேன்' என்று உங்களைப் போன்றவர்தான் எழுத முடியும்; அது முதல் வரியில் வரட்டும். விளம்பரத்தில் கேட்ட திறமை உங்களிடம் இருந்தால், அவர்கள் சொல்லிலேயே எழுதுங்கள். பெரிய கம்பெனிகள் பலவற்றில் கம்ப்யூட்டர்தான் முதலில் சலிக்கிறது. கட்டம், அலங்காரம் எல்லாம் அதைக் குழப்பும். தெரியாததை மட்டும் சேர்க்காதீர்கள். இன்டர்வியூவில் மெஷின் முன்னால் நிறுத்திவிடுவார்கள்.

ஃபைலுக்கு 'நியூ ஃபைனல் 2' வேண்டாம், உங்கள் பெயரையே வையுங்கள்.