அன்தரைக் கட்டிப்போட்டுவிட்டுப் போன கதைசொல்லி

தோஹா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். சித்தியின் முட்டிவலி எப்படி இருக்கிறது? பணம் வெள்ளிக்கிழமையே அனுப்பிவிட்டேன்.

ஒடிசா, பீகாரிலிருந்தெல்லாம் வேலை தேடி ஒரகடத்துக்கு வருகிறார்கள், வல்லக்கோட்டையிலேயே பிறந்த நீ எதுக்குடா ஓடினாய் என்று கேட்டீர்களே, அதற்கு இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நம் தெருவில் ஒரே அறையில் அடைந்து கிடந்த ஒடிசா பையன்கள் கடுகெண்ணெயில் தாளிப்பதைப் பார்த்துச் சித்தி மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பாரே, இங்கே எங்கள் அறையில் நான்தான் ஒடிசாக்காரன். நான் ரசம் தாளித்தால் மலையாளிகள் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சித்தியிடம் சொல்லுங்கள், பாவம் சும்மா விடாது.

இப்போது ரமலான் மாதம். வாரத்துக்கு 48 மணி நேர வேலையை இந்த மாதத்தில் 36 ஆகக் குறைக்கச் சொல்கிறது கத்தார் சட்டம். நோன்பு வைக்காத எனக்கும் அதில் பங்கு உண்டு, முருகன் புண்ணியம். ஆனால் பகலில் பொது இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. ஆகவே சில்லர் அறையில், கம்ப்ரசருக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடுகிறேன். அப்பளம் மட்டும் கொண்டுபோவதில்லை. கடித்தால் சத்தம் வரும்.

அறையில் இன்னொரு தமிழர் கீழக்கரை பாய். சாயங்காலம் சூக் வாகிஃப் பக்கம் பீரங்கி வெடித்ததும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, தானே காய்ச்சிய நோன்புக் கஞ்சியில் எனக்கும் ஒரு குவளை ஊற்றுவார். தமிழ்நாட்டில் நோன்புக் கஞ்சிக்கென்று பள்ளிவாசல்களுக்கு 2001 முதல் அரசாங்கமே அரிசி கொடுக்கிறது என்பதை இங்கே எகிப்துக்காரர்களிடம் பெருமையடிப்பதில் அவருக்குத் தனி சுகம். அவர்கள் நம்பவில்லை. என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவார். நானும் ஏதோ மூட்டையை நானே இறக்கிவைத்தவன் மாதிரி தலையாட்டுவேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் தராவீஹ் தொழுகை முடிந்ததும், "கூத்து பாக்க வர்றியா?" என்றார் பாய். சிரியாக்காரர் ஒருவரின் சாப்பாட்டுக் கடையை ஒட்டி ரமலானுக்காகக் கூடாரம் போட்டிருந்தார்கள். முதலில் கச்சேரி, பிறகு கதை. ஒரு டீயின் விலையைச் சொன்னால் நீங்கள் என்னைத் திரும்ப வரச் சொல்லிவிடுவீர்கள்.

கச்சேரியில் ஊத், கானூன், நய் என்கிற புல்லாங்குழல், ஒரு சின்னக் கஞ்சிரா மாதிரியான ரிக். ஊத் பார்க்க வீணைக்குத் தம்பி, ஆனால் மெட்டே கிடையாது. விரலை வைத்த இடம்தான் சுரம். கானூனை மடியில் வைத்துக்கொண்டு எழுபதுக்கு மேற்பட்ட தந்திகளை மீட்டுகிறார்கள். ஊத்காரர் முதலில் தாளமில்லாமல் தனியாக வாசித்தார். தக்சீம் என்கிறார்கள், நம் ஆலாபனைதான். ஹிஜாஸ்கார் என்று ஒரு மகாம், அதாவது அவர்கள் ராகம், எடுத்தார் பாருங்கள், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாட்சாத் மாயாமாளவகௌளை! நீங்கள் என் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்த சரளி வரிசை இங்கே ஜிப்பா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து பயாத்தி. அங்கேதான் உங்களை நினைத்துக்கொண்டேன். அதன் இரண்டாவது சுரம் சுத்த ரிஷபமும் இல்லை, சதுஸ்ருதி ரிஷபமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உங்கள் ஆர்மோனியப் பெட்டியில் அந்த இடத்தில் கட்டையே கிடையாது, வெறும் சந்துதான். "இந்த உலகத்துல என் பெட்டிக்குள்ள அடங்காத பாட்டு எது?" என்று திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் சவால் விட்டீர்களே, ஒன்று கண்டுபிடித்துவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கூட்டமும் சும்மா இல்லை. ஒரு சங்கதி நன்றாக விழுந்தால் "அல்லாஹ்!" என்று கத்துகிறார்கள். பக்கத்து மேசை எகிப்தியப் பெரியவர் தலையைத் தலையை ஆட்டிவிட்டு, உம்மு குல்தூம் பாடிய காலத்தைப் பேச ஆரம்பித்தார். மாதத்தின் முதல் வியாழக்கிழமை ராத்திரி ரேடியோவில் அந்த அம்மா கச்சேரி, கெய்ரோ தெருவே காலியாகிவிடுமாம். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி மணிக்கணக்கில் இழுப்பார்களாம். 1975-இல் போய்ச் சேர்ந்த அம்மாவுக்காக மனிதர் நேற்று இழவு விழுந்த மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் வந்தார் ஹகவாத்தி, அதாவது கதைசொல்லி. சிவப்புக் குல்லா, கையில் ஒரு வாள், மடியில் புத்தகம். நம் பாரதத் திருவிழாவில் மத்தியானம் பிரசங்கியார் படிப்பார், ராத்திரி கூத்துக்காரர்கள் ஆடுவார்கள். இங்கே இரண்டு சம்பளமும் ஒரே ஆளுக்கு. நாலு வரி படிக்கிறார், எழுந்து நடிக்கிறார், சண்டை வந்தால் வாளால் மேசையில் ஓங்கி அடிக்கிறார். முதல் அடியில் என் டீ பாயின் சட்டையில்.

கதை அன்தருடையது. ஆறாம் நூற்றாண்டு ஆள், நிஜமாகவே வாழ்ந்த கவிஞன். அரபு மொழியின் பெரும்புகழ் பெற்ற ஏழு பழங்கவிதைகளில் ஒன்று அவனுடையது. அம்மா ஆப்பிரிக்க அடிமை, அப்பா குலத்தில் பெரிய மனிதர், பெற்ற பிள்ளையைப் பிள்ளை என்று சொல்லமாட்டேன் என்கிறார். எதிரிகள் வந்து விழுந்ததும், போடா, போய்ச் சண்டை போடு என்கிறார். எனக்கு ஒட்டகத்தில் பால் கறக்கத்தான் தெரியும், அடிமைக்கு எதற்குச் சண்டை என்கிறான் இவன். சரி, விடுதலை, போ என்கிறார் அப்பா. அப்புறம் என்ன, வெட்டித் தள்ளுகிறான். சித்தப்பா, இது கர்ணன்தானே? 'கர்ண மோட்சம்' பார்த்து அழுகிற நம் ஊர்க் கிழவிகளைக் கொண்டுவந்து இந்தக் கூடாரத்தில் உட்கார வைத்தால் மொழி தெரியாமலே மூக்கைச் சிந்துவார்கள்.

பாய்தான் எனக்குத் தமிழில் சொன்னார். அவர் அரபு சைட்டில் கற்ற அரபு. ஹகவாத்தி பத்து நிமிடம் கையை வீசி, குரலை மாற்றி, பெண் மாதிரிக் கெஞ்சி, குதிரை மாதிரிக் கனைத்து முடிப்பார். பாய் என் காதில், "கோவமா இருக்கான்" என்பார். இன்னொரு பத்து நிமிடம். "இன்னும் கோவம் போகல."

கடைசியில் அன்தரை எதிரிகள் பிடித்துச் சங்கிலியால் கட்டிவிட்டார்கள். ஹகவாத்தி டப்பென்று புத்தகத்தை மூடினார். மிச்சம் நாளைக்கு! கூடாரமே கொதித்தது. இது பழைய தந்திரமாம். டமாஸ்கஸில் உமையா பள்ளிவாசலுக்குப் பின்னால் நவ்ஃபரா என்ற காபிக் கடை, இந்தக் கதைக்கே பேர்போனது. 2014-இல் காலமான ஹகவாத்தி அபூ ஷாதி அங்கேதான் அன்தர் கதையும் சுல்தான் பைபர்ஸ் கதையும் படித்தார். முற்காலத்தில் இப்படி அன்தரைச் சிறையில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போன கதைசொல்லியின் கதவை நடுராத்திரியில் ஒருவன் தட்டி, அவனை அவிழ்த்துவிடு, இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது என்று சண்டை போட்டானாம். சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, எனக்கும் அன்று தூக்கமில்லை.

மறுநாள் எனக்கு நைட் ஷிப்ட். பாயை மட்டும் அனுப்பிவைத்தேன். விடிகாலை சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தவரைப் பிடித்து, என்ன ஆச்சு என்று கேட்டேன். "அவுத்துட்டாங்க" என்றார். எப்படி, யார், எப்போது? "அதெல்லாம் ஒரு மணி நேரம் சொன்னான். நீ சாப்பிட வா."

சித்தப்பா, இந்த நிறுத்தும் வித்தையை உங்கள் கூத்து ஜமாவுக்குச் சொல்லாதீர்கள். அர்ச்சுனன் தபசு மரத்தில் பாதி ஏறியதும் மிச்சம் நாளைக்கு என்றால் நம் ஊரில் மரத்தை வெட்டிவிடுவார்கள். ஆர்மோனியத்துக்குத் துருத்தித் தோல் மாற்ற எவ்வளவு ஆகும் என்று எழுதுங்கள், அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன். நடுவில் அந்த ரிஷபத்துக்கு ஒரு கட்டை வைக்க முடியுமா என்றும் ஆசாரியைக் கேட்டுப் பாருங்கள். திட்டினால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்