புரை முத்தட்டும்

1983-இல் எங்கள் அப்பத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வாசலில் நிற்பது யாரென்று குரலை வைத்துத்தான் சொல்வாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டபோது கூட்டிப்போனோம். டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர், "இன்னும் முத்தலை பாட்டி, அடுத்த வருஷம் எடுப்போம்" என்று அனுப்பிவிட்டார்.

அந்தக் காத்திருப்பில் நியாயம் இருந்தது. அப்போதெல்லாம் புரை விழுந்த லென்ஸை உறையோடு முழுதாக எடுத்துவிடுவார்கள். அந்த இடத்தில் வேறு லென்ஸ் வைப்பது எங்கள் பக்கத்து முகாம்களுக்கு வந்து சேராத காலம். ஆப்பரேஷன் முடிந்தால் பத்துப் பவர் சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. கொஞ்சமாவது தெரிகிறவருக்கு அதைவிட இருக்கிற கண்ணே மேல்.

மறு வருடம் மதுரைக்குப் போய், ஒரு வாரம் கழித்துக் கண்ணை மறைத்த பச்சைத் துணியோடு பஸ்ஸைவிட்டு இறங்கினாள். குனியக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது, சத்தமாகத் தும்மக்கூடப் பயம். கண்ணாடி வந்த அன்று என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அவுக மூக்கு அப்பிடியே இருக்கே" என்றாள். காப்பி டம்ளரை எடுக்கப் போனால் மட்டும் கை பாதியில் நின்றுவிடும். அந்தக் கண்ணாடியில் எல்லாமே பெரிதாக, கிட்டத்தில் இருப்பதுபோலத் தெரியும். டம்ளர் நாலு விரற்கடை தள்ளி இருக்கும். நாங்கள் நகர்த்தி அவள் கையில் வைப்போம்.

பிறகு காலம் மாறியது. மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போன டாக்டர் வெங்கடசாமி, அதே விரல்களால் கத்தி பிடித்து ஆயிரக்கணக்கான கண்களைத் திறந்தவர். 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. 1992-இல் அங்கிருந்தே ஆரோலேப் பிறந்து, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை வெளிநாட்டு விலையில் ஒரு சிறு பங்குக்குச் செய்து கொடுத்தது. 2009-இல் அம்மாவுக்குப் புரை எடுத்தபோது காலையில் போனவள் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தாள். மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத கீறல், தையல் இல்லை. முத்தவிட்டுப் போனால் இன்று டாக்டர் கோபித்துக்கொள்கிறார். கல்லாக இறுகிய புரையை உடைத்து எடுப்பது கண்ணுக்குத்தான் சிரமம்.

'முத்தட்டும்' என்ற சொல் மட்டும் எங்கள் வீட்டைவிட்டுப் போகவில்லை. அம்மாவின் ஆப்பரேஷனுக்கு இரண்டு வருடம் கழித்து அப்பா "கண்ணு மங்குது" என்றபோது, "புரையாத்தான் இருக்கும், முத்தட்டும்" என்று நாங்களே தீர்ப்பு சொன்னோம். ஒரு கண்ணாடிக் கடையில் அடுத்தடுத்து மூன்று முறை பவர் மாற்றிக் கொடுத்தார்கள். கண்ணின் பிரஷரை ஒருவரும் அளக்கவில்லை. அவரும் அட்டையில் கடைசி வரிவரை வாசித்தார். வலது பக்கம் வைத்த காப்பி டம்ளரை மட்டும் முழங்கை தட்டிவிடும். "பாத்து எடுக்கக் கூடாதா?" என்று அம்மா சத்தம் போடுவாள். நானும் போட்டிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருட்டறையில் உட்காரவைத்து, இடது கண்ணை மூடி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் அமுக்க வேண்டும். முதலில் டிக் டிக்கென்று கேட்டது. அப்புறம் வெகுநேரம் சத்தமே இல்லை. தூங்கிவிட்டாரோ என்று தோளைத் தொட்டேன். "இல்லப்பா, லைட்டே வரலையே" என்றார். வந்துகொண்டுதான் இருந்தது. அச்சடித்து வந்த தாளில் வலது கண்ணுக்கு நடுவில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. சுற்றிலும் கறுப்பு.

கிளாக்கோமா. கண்ணுக்குள் ஏறும் அழுத்தம் பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிறது. பெரும்பாலும் வலி கிடையாது, சிவப்பு கிடையாது, ஓரப் பார்வைதான் முதலில் போகும். புரையில் போன பார்வையை மீட்டுவிடலாம், இதில் போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து. ஒன்றுமே இல்லாத காலத்தில் அப்பத்தாவுக்குப் பார்வை திரும்பியது. எல்லா மிஷினும் வந்த பிறகு அப்பாவுக்குப் போனது.

பிள்ளைகளையும் பார்த்துவிடச் சொன்னார் அப்பாவைப் பார்த்த டாக்டர். எனக்கும் அழுத்தம் இருந்தது. இப்போது தினமும் ராத்திரி கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு; கண்ணை மூடி, மூக்கோரம் விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்கிறேன். இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும்.

அக்காவைத்தான் வரவைக்க முடியவில்லை. போன வாரமும் போனில், "எனக்கு நல்லாத்தானேடா தெரியுது" என்றாள்.

"அப்பாவுக்கும் நல்லாத்தான்க்கா தெரிஞ்சுச்சு."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சனிக்கிழமை எத்தனை மணிக்குடா?" என்றாள்.