மரக்காரர் வருகிறார், ஒதுங்குங்கள்

தாராபுரத்துக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் எந்த ஊரில் இறங்கி "மரக்காரர் எங்க இருப்பாருங்க?" என்று கேட்டாலும், டீக்கடைக்காரர் உடனே பதில் சொல்லமாட்டார். ஆற்றிக்கொண்டிருக்கும் டீயை அப்படியே நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பார். மரம் அறுக்கும் மிஷின் சத்தம் வருகிற திக்கில் கையை நீட்டி, "அக்கட்டக் கொறங்காட்டுல இருக்காருங்க" என்பார். மிஷின் ஓய்ந்திருந்தாலும் பாதகமில்லை. அந்த நேரத்தில் மரக்காரர் பேசிக்கொண்டிருப்பார், அதுவும் கேட்கும்.

ஆளைப் பார்த்ததும் தெரிந்துவிடும். மரத்தூள் படிந்த கைவைத்த பனியன், மடித்துக் கட்டிய லுங்கி, தலையில் உருமாலாகச் சுற்றிய பச்சைத் துண்டு, காலில் தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. கையில் இருக்கும் மிஷினின் சங்கிலியோ நொடிக்கு இருபது மீட்டர் ஓடக்கூடியது. கையுறை? "பிடி நழுவுமுங்க." கண்ணாடி? "வேர்த்துப்போட்டா ஒண்ணுந் தெரியாதுங்க." ஹெல்மெட்? அதற்குப் பதில் வராது. மேலும் கீழும் ஒரு பார்வை வரும், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமையில் வேப்பமரத்தைத் தொடாமல் இருப்பதும், அறுக்கும் முன் தூரில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிடுவதும் அவருடைய பாதுகாப்பு ஏற்பாடுகள். இதுவரை போதுமானவையாக இருந்திருக்கின்றன என்பதற்கு அவருடைய பத்து விரல்களே சாட்சி. அதில் ஒன்று கொஞ்சம் குட்டை. அது மிஷின் வருவதற்கு முந்தின காலத்துக் கணக்காம்.

மிஷினைப் பற்றிப் பேசினால் குரலே மாறிவிடும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இருபது மில்லி ஆயில் என்று கம்பெனிக்காரன் அச்சடித்துக் கொடுத்த கணக்கை அவர் மதிப்பதில்லை. மூடியில் ஊற்றி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, புகையின் நிறத்தை வைத்து முடிவு செய்வார். இந்த மாதிரிச் சங்கிலியை 1940களில் அமெரிக்காவின் ஓரிகன் பக்கத்தில் ஜோசப் காக்ஸ் என்பவர் வடிவமைத்த கதையை ஒருநாள் அவரிடம் சொன்னேன். மரத்தைத் துளைக்கும் வண்டின் புழு இடமும் வலமுமாக மாற்றி மாற்றிக் கடித்துப் போவதை அந்த மனிதர் உட்கார்ந்து பார்த்தார். அதே மாதிரி இடப்பல்லும் வலப்பல்லுமாகச் சங்கிலி செய்தார். மரக்காரர் உருண்டை அரத்தால் பல்லைத் தீட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "புழுகிட்டயா கத்துக்கிட்டான்? அப்ப அந்தக் காசு புழுவுக்கில்ல போயிருக்கோணும்?" என்றார்.

அறுப்பது அவர் தொழிலில் பாதிகூடக் கிடையாது. உண்மையான தொழில் பேரத்தில் இருக்கிறது. மரம் விற்க வந்த கவுண்டர் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருப்பார். மரக்காரர் மரத்தைச் சுற்றி வருவார். கோடாரியின் பின்பக்கத்தால் ஒரு தட்டு. உதட்டைப் பிதுக்குவார். அண்ணாந்து பார்ப்பார். இன்னொரு தட்டு.

"உள்ள பொந்துங்க."

"எங்க அப்பாரு காலத்து வேம்புப்பா அது. வைரம் பாஞ்சு கெடக்குது."

"அப்பாரு நல்லவருங்க. மரந்தான் பொந்து."

இப்படியே வைரம் பாய்ந்த மரம் கால்மணி நேரத்தில் விறகாகிவிடும், ஒரு வெட்டுக்கூட விழாமல். விலை படிந்து மரம் சாய்ந்த பிறகு, "நல்லவேளை, பொந்து அவ்வளவா இல்லீங்க" என்று அவரே சந்தோஷப்பட்டுக்கொள்வார். தென்னையென்றால் பேரம் தலைகீழ். வேர்வாடலிலும் கூன்வண்டிலும் பட்டுப்போன தென்னையைக் காசு கொடுத்து வாங்க ஆளில்லை. செங்கல் சூளைக்காரர்கூட முகம் சுளிக்கிறார். ஆகவே காட்டுக்காரர்தான் மரக்காரருக்குப் பணம் தரவேண்டும். அப்போது மட்டும் அதே கோடாரித் தட்டுக்கு, "கல்லாட்டம் இருக்குதுங்க, சங்கிலி ரெண்டு போயிரும்" என்று பலன் சொல்வார்.

சங்கிலி போவதைப் பற்றி அவருக்கு நிஜமான வருத்தம் ஒன்று உண்டு. ரோட்டோரப் புளியமரங்களில் பேய் இருக்கிறதா என்பதில் அவருக்கு உறுதியில்லை, ஆனால் ஆணி இருக்கிறது. மூல வைத்தியர் தகடு, டியூஷன் தகடு, கட்சித் தகடு என்று மரம் பருக்கப் பருக்க எல்லாவற்றையும் உள்ளே விழுங்கிக்கொள்கிறது. ஒரு மரத்தை அறுத்தால் ஊரின் முப்பது வருஷத்து நோய்களும் தேர்தல்களும் வெளியே வரும். ரோடு அகலப்படுத்தும் ஏலத்தில் அவர் எடுத்தவை இப்படிப்பட்ட மரங்கள்தான். ராணி மங்கம்மாள் பெயரைச் சொல்லி ஊர் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நிழலை வாரக்கணக்கில் மிஷின் வைத்து ஒதுக்கிக் கொடுத்தார். ரோடு அகலமானது, வண்டிகள் பறக்க ஆரம்பித்தன. அதற்குப் பிறகுதான் அவர் நிம்மதி போனது.

ஏனென்றால் அவர் பறப்பதில்லை.

அவருடைய டிராக்டர், டிரெய்லரில் லோடு இருந்தால், மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் போகும். லோடு என்றால் வெள்வேல மர வாதுகள். மிளாறு முதற்கொண்டு எதையும் விடாமல் ஏற்றிக் கயிறு போட்டு இறுக்கியிருப்பார். இருபுறமும் நாலு நாலு அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் ஒரு கொம்பில் சிவப்புத் துணி. பின்னாலிருந்து பார்த்தால் டிராக்டரே தெரியாது. ஒரு சின்னக் காடு வீடு காலிசெய்து போவது போலிருக்கும். அதற்குப் பின்னால் டவுன் பஸ், பால் வேன், பனியன் கம்பெனி வேன், கல்யாணத்துக்குப் போகும் நாலு கார், அவற்றுக்கும் பின்னால் ஓர் ஆம்புலன்ஸ். நல்லவேளையாக அது காலி ஆம்புலன்ஸ். நான் அந்த டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தச் சிவப்புத் துணி முன்பொரு காலத்தில் ரவிக்கையாக இருந்தது என்பதுவரை கண்டுபிடித்திருக்கிறேன்.

இந்த ஊர்வலத்தின் தலைமையில் உட்கார்ந்துகொண்டு அவர் கோபப்படுவது யார்மேல் என்று நினைக்கிறீர்கள்? முன்னால் போகும் சைக்கிள்காரர்மேல்.

"ரோட்டை அடைச்சுக்கிட்டுப் போறானுங்க பாருங்க! பின்னால வண்டி வர்றது தெரிய வேண்டாமா மனுசனுக்கு?"

சைக்கிள் என்றால் உள்ளூர்ச் சைக்கிள் இல்லை. கேரியரில் புல்லுக்கட்டோடு போகும் சைக்கிளைப் பார்த்தால் அவரே டிராக்டரை ஒதுக்கி, "மாமோவ், காடு காஞ்சு கெடக்குதா?" என்று விசாரித்துவிட்டுப் போவார். அவருடைய ஐயனும் விறகுக்கட்டைச் சைக்கிளில் வைத்து ஊர் ஊராக விற்றவர்தான். இது வேறு இனம். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே கோயமுத்தூரிலிருந்து கிளம்பி வருகிறவர்கள். பளபளக்கும் மஞ்சள் சட்டை, உடம்போடு ஒட்டிய கால்சட்டை, அதன் உட்காரும் இடத்தில் மெத்தை, தலைக்கவசம், கையுறை, கறுப்புக் கண்ணாடி, பட்டப்பகலிலும் பின்னால் விட்டுவிட்டு எரியும் சிவப்பு விளக்கு. சைக்கிளின் விலை, மரக்காரர் விசாரித்த வகையில், அவருடைய பழைய டிரெய்லரைவிட அதிகம். "அதுல ஒரு கேரியரு இல்லீங்க. ஸ்டாண்டு இல்லீங்க. மணி இருக்குதான்னா அதும் இல்லீங்க. இத்தனை காசுக்கு எதைத்தானுங்க குடுத்தான் கடைக்காரன்?"

இரண்டு தரப்பும் ஒரே வேகத்தில் போவதுதான் சிக்கல். இருபத்தைந்தில் போகும் சைக்கிளை இருபத்தைந்தில் போகும் டிராக்டரால் முந்த முடியாது. பெயர் தெரியாத அந்த மஞ்சள் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏழெட்டு மைல் போகவேண்டும். ஆடி மாதம் வந்தால் இன்னும் மோசம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று பல்லடம் தாண்டித் தாராபுரம்வரை தள்ளிக்கொண்டு வரும். இந்தப் பக்கம் காற்றாலைகள் நட்டுவைத்திருப்பதே அந்தக் காற்றை நம்பித்தான். அந்தக் காற்று முதுகில் இருந்தால் சைக்கிள்காரர் டிராக்டரை ஓரமாகக் கடந்து, கைகாட்டிவிட்டுப் பறந்துவிடுவார். அந்தக் கைகாட்டலை மரக்காரரால் ஜீரணிக்க முடிவதில்லை. சாயங்காலம் அதே ஆள் எதிர்காற்றில் பத்து, பன்னிரண்டு என்று நெளிந்துகொண்டு திரும்பும்போது, அவருக்குப் பின்னால் மரக்காரர் சிக்கிக்கொள்வார். "காலைல எங்களை முந்தீட்டுப் போனியே, இப்ப என்னாச்சு சாமி?" என்று ஹாரனால் கேட்பார். அந்தச் சமயத்தில் டிராக்டருக்குப் பின்னால் டவுன் பஸ்காரர் மரக்காரரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விகளை அச்சில் போட முடியாது.

இந்த ரோட்டில் அவர் மதிக்கும் வண்டி ஒன்றே ஒன்று, காற்றாலை இறக்கையை ஏற்றி வரும் நீள டிரெய்லர். அது வந்தால் டிராக்டரை ஓரங்கட்டி இறங்கி, துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொள்வார். தன்னைவிட அதிகமாக ரோட்டை அடைக்கக்கூடிய ஜீவன் அது.

சைக்கிள்காரர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று டீக்கடையில் ஒருநாள் நான் விளக்கவேண்டியதாயிற்று. இருநூறு கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும். முந்நூறு என்றால் இருபது மணி, அறுநூறு என்றால் நாற்பது மணி. பாரீஸ் கிளப் ஒன்று வைத்த சட்டம். உலகமெங்கும் இதே கணக்கு. வழியில் குறித்த இடங்களில் அட்டையில் முத்திரை வாங்கவேண்டும். பந்தயம் இல்லை, முதல் பரிசு கிடையாது. மெடல் வேண்டுமென்றால் காசு கட்டி வாங்கிக்கொள்ளலாம்.

மரக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "பரிசு கெடையாது."

"கிடையாதுங்க."

"மெடலுக்கும் இவனே காசு தரோணும்."

"ஆமாங்க."

"லோடும் இல்ல."

"இல்லீங்க."

வெகுநேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வீட்டுல ஏதோ பிரச்சினை போலிருக்குதுங்க" என்றார்.

போன ஆடியில்தான் இரண்டு தரப்பும் நேருக்கு நேர் பேசிக்கொண்டன. டிரெய்லரிலிருந்து உதிர்ந்த வெள்வேல முள் ஒன்று, பின்னால் வந்த மஞ்சள் சட்டைக்காரரின் டயரில் ஏறிவிட்டது. முள் யாருடையது என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை, அந்த மரமே முன்னால் போய்க்கொண்டிருந்தது. மரக்காரர் நிறுத்தினார். எப்பேர்ப்பட்ட கோபமும் நடுரோட்டில் நிற்கிற ஆளைக் கண்டால் இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு இறங்கிவிடும். "ஏறுங்க கண்ணு. சைக்கிளைத் தூக்கி மேல போட்டுக்கலாம். தாராபுரத்துல எறக்கி உட்டர்றேன், காசு ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

சைக்கிள்காரர் மிகுந்த மரியாதையோடு மறுத்தார். வண்டியில் ஏறினால் அட்டை செல்லாது. முழுத் தூரமும் தன் காலால் மிதித்தே போகவேண்டும் என்பது சட்டம்.

பன்னிரண்டு கிலோமீட்டர் ஓசிச் சவாரியை வேண்டாம் என்று சொன்ன முதல் மனிதரை மரக்காரர் அன்றுதான் பார்த்தார். கிளம்ப மனமில்லாமல் நின்று, அவர் டியூப் மாற்றுவதை மேற்பார்வை பார்த்தார். தண்ணீர் கொடுத்தார். டயரைத் தடவி உள்ளே இன்னொரு முள்முனை இருப்பதைக் கண்டுபிடித்து, அரம் பிடித்த விரல்களால் நறுக்கென்று எடுத்தும் கொடுத்தார். பின்னால் நின்ற பால் வேன்காரர் ஹாரனை விடாமல் அடித்ததற்கு, "அவசரமா இருந்தா முன்னாலயே கெளம்பியிருக்கோணும்" என்றார். அந்த நேரத்தில் சைக்கிள்காரர் அவருடைய தொழிலை விசாரித்திருக்கிறார். அவருடைய மஞ்சள் சட்டை முதுகில் ஒரு பச்சை மரத்தின் படமும், பூமியைக் காப்பது பற்றி ஒரு வரியும் இருந்ததை மரக்காரர் கவனித்திருந்தார். ஆகவே மரியாதைக்கு, "நமக்கு மரந்தானுங்க சோறு போடுது" என்று பொதுவாகச் சொல்லிவைத்தார்.

சைக்கிள்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "அண்ணா, உங்க நம்பர் கொடுங்களேன். எங்க காம்பவுண்டுக்குள்ள ஒரு வாகை நிக்குது. கார்மேல ஒரே சருகு. எடுத்துடணும்."

கதையை எங்களிடம் சொல்லிமுடித்த மரக்காரர், நாங்கள் சிரித்து ஓயும்வரை காத்திருந்தார்.

"எவ்வளவுங்க சொன்னீங்க?" என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

"ரேட்டெல்லாம் மரத்தைத் தட்டிப்பாத்துத்தான். ஆனா ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிப்போட்டனுங்க. கோயமுத்தூருக்குள்ள நம்ம டிராக்டரு லோடோட வரும். பின்னால உங்க காரு வந்து ஹாரன் அடிக்கற சோலி ஆகாதுன்னு."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"அன்னைக்கு ஒருநாள் சைக்கிள்லயே ஆபீசுக்குப் போயிக்கறேன்னாருங்க."