மாறனார் சோதனை: குன்றத்தூர் மாடிகளின் செர்ரித் தக்காளி குறித்து ஓர் ஆய்வு

சேக்கிழாரை ஆராய்ந்து பட்டம் பெற்றவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். அவர் பிறந்த குன்றத்தூரின் இன்றைய மொட்டைமாடிகளில் வளரும் செர்ரித் தக்காளிகளுள் எது தலையாயது என்ற கேள்வியை மட்டும் அவர்களில் ஒருவரும் கையில் எடுக்கவில்லை. முருகன் கோயில் குன்றின் மேல் நின்று கீழே பார்ப்பவருக்கு இத்துறையின் பரப்பு விளங்கும்: கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, நடுவே பச்சை வலை. அந்த வலைக்குக் கீழேதான் ஆய்வுப் பொருள் காய்த்துக்கொண்டிருக்கிறது, அல்லது காய்க்க மறுத்துக்கொண்டிருக்கிறது.

முதலில் இலக்கியச் சான்று. பெரியபுராணத்தில் தக்காளி இல்லை. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டினர். தக்காளியோ 1492க்குப் பிறகே அமெரிக்காவை விட்டு வெளியே கால் வைத்தது. ஆகவே 63 நாயன்மாரில் எவர் வீட்டிலும் தக்காளி ரசம் வைக்கப்படவில்லை என்று துணிந்து கூறலாம். ஆனால் வீட்டுத்தோட்டம் இருக்கிறது. இளையான்குடி மாறனார் வீட்டுக்கு மழை கொட்டும் இரவில் அடியார் வருகிறார், வீட்டில் ஒன்றுமில்லை. பகலில் விதைத்த நெல்லை நாயனார் வாரிக்கொண்டு வருகிறார், விறகுக்குக் கூரையின் வரிச்சை அறுக்கிறார், கொல்லைக் குழியில் இன்னும் முற்றாத கீரையைப் பிடுங்கித் தருகிறார். அந்த ஒரே கீரையை மனைவியார் பலவகைக் கறிகளாக்கிப் படைக்கிறார்.

ரகத் தேர்வுக்கு இதைவிடக் கடுமையான அளவுகோல் கிடையாது என்பது இக்கட்டுரையாளர் துணிபு. இனிப்பு, நிறம், மகசூல் என்று விதை உறைகள் எதை வேண்டுமானாலும் சொல்லட்டும். ஐப்பசி மழையில் நடுராத்திரி விருந்தாளி கதவைத் தட்டினால், மாடிக்கு ஓடிப் பறித்து வர அந்தச் செடியில் ஏதாவது இருக்குமா? இதை மாறனார் சோதனை என்க.

சோதனைக்கு முன் ஒரு தடை. செர்ரித் தக்காளி பழமா காயா என்று கேட்பார் உளர். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1893இலேயே, சுங்க வரி வழக்கொன்றில், தக்காளி தாவரவியல்படி பழமாயினும் வரிக்குக் காய்கறியே என்று தீர்ப்பளித்துவிட்டது. குன்றத்தூர் நிலவரம் வேறு. இங்கே செடியில் இருக்கும்வரை அது பழம். பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் மாடிக்குப் போய்வந்த பிறகு எஞ்சுவது காய்கறி. பெரும்பாலும் எஞ்சுவதில்லை. அளவில் குட்டியானாலும் வயதில் இது மூத்தது. பெரு, ஈக்வடார் பக்கத்துக் காட்டுச் செடியில் காய்ப்பவை பட்டாணி அளவுப் பழங்கள். அவற்றுக்கும் கோயம்பேட்டில் பெட்டி பெட்டியாக இறங்கும் பெருந்தக்காளிக்கும் நடுப்படியில் நிற்பது செர்ரி. அண்ணனைக் குட்டி என்று கூப்பிடுகிறோம், அவனும் கோபித்துக்கொள்வதில்லை.

இனிப் போட்டியாளர்கள்.

முதலாவது சன் கோல்ட். ஜப்பானின் டோக்கிடா விதை நிறுவனம் 1992இல் வெளியிட்ட ஆரஞ்சு நிறக் கலப்பினம். உலகெங்கும் வீட்டுத்தோட்டக்காரர்களிடம் இதற்குள்ள பெயர் நியாயமானது. தை மாதக் காலையில் செடியிலிருந்து நேரே வாயில் போட்டால் மறுபேச்சு இல்லை. ஆனால் தோல் மெல்லியது. பழுக்கும் நேரத்தில் ஒரு நல்ல மழை பெய்தால் வேர் குடித்த தண்ணீரைத் தோல் தாங்காது. மறுநாள் பாதிப் பழம் வாய் பிளந்து நிற்கும். வங்காள விரிகுடாவில் ஒவ்வொரு காற்றழுத்தத் தாழ்வுநிலை உருவாகும்போதும் சன் கோல்ட் வளர்ப்பவர் முகத்தை அக்கம்பக்கத்தார் கவனிக்கலாம். இன்னொன்று வாரிசுப் பிரச்சினை. கலப்பின விதை என்பதால் பழத்திலிருந்து எடுத்து ஊன்றினால் பிள்ளைகள் தகப்பனைப் போல இருக்க மாட்டார்கள். ஆண்டுதோறும் உறைக்குப் பணம். உறைக்குள் இருக்கும் விதையோ எண்ணிவிடக்கூடியது.

இரண்டாவது மஞ்சள் பேரிக்காய் வடிவத் தக்காளி. ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டது. படம் எடுக்க இதைப்போல் வராது. சுவை இல்லை. இதற்குமேல் இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மூன்றாவது பிளாக் செர்ரி. கருஞ்சிவப்பு, ஆழ்ந்த சுவை. வாங்கிச் சாப்பிடக் கிடைத்தால் விடக் கூடாது. ஆனால் "பழுத்திருக்கா, அழுகியிருக்கா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதை நிறுத்தவே முடியாது. நான்காவது டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா செர்ரி தக்காளி 1. நம் நாட்டு ரகம். அந்த மதிப்பு அதற்கு உண்டு. ஆயினும் அது பசுமைக்குடில் சாகுபடியை எண்ணி உருவானது. துணிக்கொடியில் வேட்டிக்கும் போர்வைக்கும் நடுவே வளரும் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை.

ஐந்தாவதற்குப் பெயரில்லை. யாரும் விதைக்கவுமில்லை. சமையலறைக் கழிவு மக்கிய தொட்டியிலோ, கொண்டைக்குருவி எச்சமிட்ட செம்பருத்தித் தொட்டியின் ஓரத்திலோ தானாக முளைக்கும் சிவப்புக் குட்டி. தோல் தடிப்பு, புளிப்பு தூக்கல், கொத்துக்கொத்தாகக் காய்க்கும். பிடுங்கி எறிந்தால் பக்கத்துத் தொட்டியில் வரும். மழையில் அவ்வளவு எளிதில் வெடிப்பதில்லை. குன்றத்தூரில் இதற்குக் குட்டித் தக்காளி என்பதே வழக்கு.

இங்கே வெப்பநிலை பற்றி ஓர் அதிகாரம் தேவைப்படுகிறது. ஏனெனில் இவ்வூரில் ரகச் சண்டைகள் பலவும் உண்மையில் மாதச் சண்டைகள். பகல் 35 டிகிரியைத் தொட்டு, இரவும் 24க்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் வலுவிழக்கிறது, பூ உதிர்கிறது. சித்திரை, வைகாசியில் உரக்கடைக்காரரை நொந்து பயனில்லை. குட்டி ரகங்கள் பெரியவற்றைவிடச் சற்றுத் தாங்கும், அவ்வளவுதான். 30 டிகிரிக்கு மேல் போகப்போகச் சிவப்பு நிறமி உருவாவதும் தளர்கிறது. மஞ்சள் நிறமி தன் வேலையைத் தொடர்கிறது. எனவே பங்குனிக்குப் பிறகு இவ்வூர்ச் சிவப்புத் தக்காளிகள் ஆரஞ்சிலேயே நின்றுவிடுகின்றன. நிறத்தைப் பொறுத்தவரை ஏப்ரலில் குன்றத்தூரில் விளைவதெல்லாம் சன் கோல்டே. ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ விதைத்தவருக்கு மார்கழி முதல் மாசி வரை பழம் உண்டு.

மகரந்தச் சேர்க்கையில் இரு கட்சிகள். தக்காளிப் பூ தன்னைத் தானே சூல்கொள்ள வல்லது. ஆனால் உலுக்கினால்தான் மகரந்தம் கொட்டும். தேனீக்கு அந்த வித்தை தெரியாது. மரத்தைத் துளைக்கும் கருவண்டுக்குத் தெரியும். காலையில் தண்டை விரலால் சுண்டுவது ஒரு கட்சி. மீனம்பாக்கத்து விமானங்களின் அதிர்வே போதும் என்பது மறு கட்சி. பின்னது சோம்பேறிகளின் கொள்கை என்று முன்னவர் கூறுவர். அக்கொள்கையை மறுக்கும் சோதனை இதுவரை நடத்தப்படாததால் ஈண்டு இரண்டும் கொள்ளப்பட்டன.

சமையலறையின் மறுப்பையும் பதிவு செய்யாமல் விடுவது ஆய்வு நேர்மையாகாது. "ரசத்துக்கு ரெண்டு தக்காளி போடுவேன். இதுல எத்தனை போட?" என்பது அந்த மறுப்பு. பெருந்தக்காளி 80 கிராம், குட்டி 15 கிராம் என்று கொண்டால், விடை பத்துக்கு மேல். அத்தனை தோலும் தட்டில் ஒதுக்கப்படும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்ற வாரங்களில் மட்டும் இந்த மறுப்பு எழவில்லை. அப்போது மாடிச் செடியில் பழமும் இல்லை.

இறுதியாக, எதிர்பாராத ஒரு மனுதாரர். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்த மாடித்தோட்டத் தளைகளிலும், கட்டடம் எழும்பாத காலி மனைகளிலும், கேட்காமலே முளைக்கிற மணத்தக்காளி. பழம் மிளகளவு. ஆனால் தக்காளியும் இதுவும் சொலானம் என்ற ஒரே பேரினம். லின்னேயஸ் 1753இலேயே இரண்டையும் அதில்தான் வைத்தார். இடையில் பிரிக்கப்பட்ட தக்காளியையும் தாவரவியலார் மறுபடி வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டார்கள். அதனால் விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

மாறனார் சோதனையில் நடந்தது இது: ஐப்பசி நள்ளிரவில் சன் கோல்ட் வெடித்துக் கிடந்தது, பிளாக் செர்ரியின் இலையை வெள்ளை ஈ கொண்டுவந்த நச்சுயிரி சுருட்டியிருந்தது, குட்டித் தக்காளியில் கொஞ்சம் காய் இருந்தது. மணத்தக்காளியில் காயே இல்லாவிட்டாலும் கீரை இருந்தது. காய் வற்றலுக்கு, பழம் வாய்க்கு, இலை கூட்டுக்கு என்று ஒரே செடியில் பலவகைக் கறி.

எனவே முதலிடம் மணத்தக்காளிக்கு. தக்காளி என்றால் சிவப்பாக இருந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு, பெயரில்லாத குட்டி. சன் கோல்ட் தை, மாசிக்கு மட்டும், வசதியுள்ளவர்களுக்கு. குட்டியின் விதைக்குக் கடையில் காசு கொடுக்க வேண்டாம். பழுத்த பழம் ஒன்றைப் பழைய செய்தித்தாளில் நசுக்கித் தேய்த்து, நிழலில் காயவைத்து, தாளோடு கிழித்து ஊன்றினால் முளைக்கும். புரட்டாசி தாண்ட விடாதீர்கள்.