பெரியண்ணன், சின்னண்ணன், அப்புறம் நீ

வாடா பேராண்டி, உக்காரு. தார்க்குச்சி கெடக்குது, பார்த்து உக்காரு. உன் ஸ்டேட்டஸை உங்க பாட்டி படிச்சுக் காட்டினா. லெந்து முடியிற வரைக்கும் பிரியாணி தொடமாட்டியாமே? பெரிய மனசுடா உனக்கு! ஆரணியில பொறந்துட்டு, ஞாயித்துக்கெழமை ஆராதனை முடிஞ்சு சீரகசம்பா வாசனையைத் தாண்டி வீடு வந்து சேர்றது லேசுப்பட்ட காரியமா? முள்முடிப் படம்கூடப் போட்டிருந்தியாம். பக்கத்துல உன் மூஞ்சியும் இருந்துச்சாம். முள்முடியைவிட மூஞ்சி பெருசா இருந்துச்சுன்னு பாட்டி சொன்னா. அவளுக்குக் கண்ணு சரியில்ல, விடு.

இன்னும் எதை விடலாம்னு என்கிட்ட யோசனை கேக்க வந்திருக்க. நான் தறிக்குழியில கால் தொங்கவிட்டே காலத்தை ஓட்டினவன், எனக்கு இன்னா தெரியும்? ஒண்ணு தெரியும். பட்டுப் புடவையில உசுரை விடறது புழு. மேடையில பேர் வாங்கறது கல்யாணப் பொண்ணு. தியாகம்னு யாராச்சும் பேசினா, எந்தப் புழு வெந்துச்சுன்னு நான் மொதல்ல பாப்பேன். உன் விஷயத்துல கறிக்கடைக்காரனைத் தவிர யாருக்கும் நஷ்டம் இருக்கிற மாதிரி தெரியல.

கோவிச்சுக்காத. ஒரு கதை சொல்றேன், நம்ம பழைய வடாற்காடு ஜில்லாவுல நடந்ததுதான். ஸ்காட்லாந்துல அலோவான்னு ஒரு ஊரு. அங்க கம்பளி நூல் ஆலை நடத்தின பெரிய குடும்பம் பேட்டன் குடும்பம். நம்ம மொதலாளிங்க நாலு பேரைச் சேர்த்து வெச்சாலும் அவங்க வாசப்படிக்குக் காணாது. அந்த வீட்டுப் புள்ள எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். டாக்டருக்குப் படிச்சவர். அவரும் சவரிராயன் ஏசுதாசன்னு நம்ம தமிழ் டாக்டர் ஒருத்தரும் சேர்ந்து 1921-ல திருப்பத்தூர்ல கிறிஸ்துகுல ஆசிரமம் ஆரம்பிச்சாங்க. ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கல. சம்பளம் கெடையாது, கதர்தான் உடுப்பு, ஏழைங்களுக்கு வைத்தியம். ஜெபவீட்டைக்கூட நம்மூர்க் கோயில் மாதிரி கோபுரம் வெச்சுக் கட்டினாங்க.

ஆஹா, கல்யாணத்தை விட்டாரு, காசை விட்டாருன்னு நீ தலையாட்டுற. அதெல்லாம் சின்ன விஷயம்டா. ஆசிரமத்துல ஏசுதாசனுக்குப் பேரு பெரியண்ணன். வெள்ளைக்காரருக்குப் பேரு சின்னண்ணன். அந்தக் காலத்தை நெனச்சுப் பாரு. வெள்ளைக்காரத் துரைக்கு ஜட்ஜே எந்திரிச்சு நிப்பான். மிஷன் பங்களாவுல அவங்க நாற்காலி, நம்மாளு தரை. அப்பேர்ப்பட்ட காலத்துல ஒரு கறுப்பு மனுஷனுக்குச் சின்னவனா, சாகிற வரைக்கும் இருக்கணும். கறி நாப்பது நாள்ல திரும்பி வந்துரும். மூத்தவன்கிற எடத்தை விட்டா அது திரும்பி வராது. நூல் ஆலை வீட்டுப் புள்ளைக்கு எது ரொம்ப வலிச்சிருக்கும்னு நெனைக்கிற?

1932-ல மெட்ராஸ்ல அந்நியத் துணி மறியல் நடந்த எடத்துல சின்னண்ணன் கதர்ல நின்னுட்டிருந்தாரு. போலீஸ் தடியால அடிச்சு, கலர் தண்ணியையும் பீச்சி விட்டுது. நூல் ஆலைக்காரன் மவன் துணிக்கடை வாசல்ல, அதுவும் சொந்த ராஜாங்கத்துப் போலீஸ் கையால அடி வாங்கறான்! லண்டன் பார்லிமெண்ட்ல கேள்வியே வந்துச்சு. அவரா போய் ஸ்டேட்டஸ் போடல.

ஐடா ஸ்கடர் அம்மா கதை உனக்குத் தெரியும், வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வர்றவந்தானே. அவங்க குடும்பம்தான் 1853-ல ஆற்காடு மிஷனை ஆரம்பிச்சது. நம்ம ஆரணியும் அதோட பழைய எடங்கள்ல ஒண்ணு. அந்தப் பொண்ணுக்கு மட்டும் இந்த ஊழியமே வேணாம், அமெரிக்கா போய் நல்லா வாழணும்னு ஆசை. திண்டிவனத்துல ஒரே ராத்திரியில மூணு வீட்டு ஆம்பளைங்க, பொண்டாட்டி பிரசவ வலியில துடிக்கறான்னு வந்து கூப்பிட்டாங்க. ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. அவங்க அப்பா டாக்டரு, ஆனா வந்தவங்க ஆம்பளை டாக்டரே வேணாம்னுட்டாங்க. விடியறதுக்குள்ள மூணு பொம்பளைங்களும் செத்துப் போனாங்க. அப்புறம்தான் அந்தம்மா டாக்டருக்குப் படிச்சு 1900-ல திரும்பி வந்தது. எதை விடலாம்னு உக்காந்து பட்டியல் போட அவங்களுக்கு நேரம் இருந்துச்சா? கதவைத் தட்டினாங்க, அவ்வளவுதான்.

உன் கதவையும் ஒருத்தன் தட்டிக்கிட்டுத்தான் இருக்கான். உங்க அப்பன் விட்டுட்டுப் போன தறி யாருக்குன்னு நீயும் உங்கண்ணனும் கோர்ட்டுல வாய்தா வாய்தாவா அலையறீங்க. லெந்துல கேஸை நிறுத்தி வெக்கலாமான்னு வக்கீலைக் கேட்டியா? கேக்கலியா? சரி, பிரியாணிதான் சுலபம்.

நாளைக்குக் காலைல உங்கண்ணன் வீட்டு முன்னாடி பாவு நீட்டறாங்க. ஆள் கொறையுதுன்னு அவன் பொண்டாட்டி என்கிட்ட வந்து கேட்டா. நான் உன் பேரைக் குடுத்துட்டேன். மொறைக்காதடா, பெரியவங்க பேச்சைக் கேக்கணும்னு போன வாரம் சபையில நீதானே சாட்சி சொன்ன? அஞ்சு மணிக்குப் போய் நில்லு. "அண்ணே, எந்த முனையைப் புடிக்கட்டும்?"னு கேளு. அவன் காட்டுற முனையைப் புடி. அது தப்பான முனையா இருந்தாலும் புடி. முடிஞ்சதும் அண்ணி எலை போடுவா. எலையில பிரியாணி இருந்தா வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு. விரதம் பாழாச்சேன்னா என்கிட்ட வா, ஆயர்கிட்ட நான் பேசிக்கறேன்.

இன்னொண்ணு. உன் வக்கீல் பீஸையும் அவன் வக்கீல் பீஸையும் சேர்த்தா தறிக்கு ஒரு ஜக்கார்டு பெட்டியே வாங்கிரலாம். கணக்கு நான் போட்டு வெச்சிருக்கேன். ஆனா அதை நீ எடுத்துச் சொல்லாத. சாப்பிடறப்போ பேச்சை அந்தப் பக்கம் திருப்பி விட்டுட்டுச் சும்மா இரு. பெரியவன் அவன், அவன் சொன்னதாவே இருக்கட்டும்.