தார்ப்பாயின் கிழிசல்: கம்பம் பள்ளத்தாக்கில் முடிவுறாத வீடியோ கேம்கள் குறித்து ஓர் ஆய்வு

வீடியோ கேம் செய்யத் தொடங்குவோர் பலர், முடிப்போர் சிலர் என்பது ஊரறிந்த செய்தி. ஆனால் தொடங்கிய கேமில் எது முதலில் முடிகிறது, எது கடைசிவரை முடியாமலே கிடக்கிறது என்பதைப் பெரியோர் யாரும் நின்று பார்த்ததாகத் தெரியவில்லை. தேனியில் தொடங்கி சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வழியாக லோயர் கேம்ப் வரை நீளும் நிலப்பரப்பைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை அந்தக் குறையைப் போக்க முனைகிறது. தரவு திரட்டல் டீக்கடைகளில் நடைபெற்றது. வடைச் செலவு ஆய்வாளரைச் சேர்ந்தது.

ஆய்வுக்கு உட்பட்டோர் பகலில் ஏலக்காய் மண்டியில் கணக்கெழுதுகிறார்கள், அல்லது பாலிடெக்னிக்கில் கடைசி பெஞ்சில் அமர்கிறார்கள். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அரசு கொடுத்த இலவச லேப்டாப்பைத் திறக்கிறார்கள். அதில் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளை ஓட்டினால் தோசைக்கல்லாகிவிடும் என்பதால் பெரும்பாலோர் பிக்சல் ஓவியத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சம்பளம் கிடையாது. முடித்தாயா என்று கேட்பாரும் கிடையாது. பிந்தைய இல்லாமைதான் முக்கியம் என்பது போகப்போக விளங்கும்.

முதன்மைச் சான்றாகக் கம்பத்துத் தம்பி ஒருவரின் கேமை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டுச் சாலையில் ஜீப் ஏற வேண்டும். கேம் அவ்வளவுதான். 64-க்கு 64 பிக்சலில் ஜீப் தயார். பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்குகின்றன. பின்பக்கம் தூக்குவாளிகள். மேலே தார்ப்பாய், அதில் ஒரு கிழிசல், அந்தக் கிழிசல் காற்றில் படபடக்க ஆறு ஃபிரேம். ஜீப் எட்டுத் திசையிலும் திரும்ப வேண்டுமாதலால் ஆறெட்டு 48 படங்கள். தார்ப்பாயின் நிறம் பிடிக்கவில்லையென்றால் பேலட்டில் ஒரு சொடுக்குப் போதும். கிழிசலின் வடிவம் பிடிக்கவில்லையென்றால் 48 படத்தையும் தொட வேண்டும். தம்பிக்குப் பிடிக்காமல் போனது வடிவம்தான். பலமுறை.

"எல்லாம் சரிப்பா, ரோடு எங்க?"

"அது ஈஸிண்ணே. கடைசியில போட்டுக்கலாம்."

இந்த ஒரு வாக்கியத்தை வெவ்வேறு வாய்களில் பள்ளத்தாக்கு நெடுகக் கேட்க முடிந்தது. பெல் ஆய்வகத்து டாம் கார்கில் மென்பொருளைப் பற்றி வேடிக்கையாகச் சொன்ன கணக்கு ஒன்றுண்டு: முதல் 90 சதவீத வேலை 90 சதவீத நேரத்தைத் தின்னும், மிச்சமுள்ள 10 சதவீதம் இன்னொரு 90 சதவீத நேரத்தைத் தின்னும். நம் பகுதிக்கு அதில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. இங்கே அந்த 10 சதவீதத்தில் யாரும் கை வைப்பதேயில்லை. ஆசைப்பட்ட பொருள் முதலில் வரையப்படுகிறது. அதற்குத் தேவையான பொருள் வரையப்படுவதில்லை.

ஏன்? ஜீப் முடிந்த அன்றே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறிவிட்டது. 'வெறித்தனம்', 'தரமான சம்பவம்', நான்கைந்து நெருப்புப் படம். மறுநாள் தம்பி லேப்டாப்பைத் திறக்கவில்லை. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் சக ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விளக்கம் தருகிறது: இன்னாராகப் போகிறேன் என்று நாலு பேரிடம் சொல்லி, அவர்களும் தலையாட்டிவிட்டால், பாதி ஆகிவிட்ட நிறைவு அப்போதே வந்துவிடுகிறதாம், கை தளர்ந்துவிடுகிறது. முடியாத வேலைதான் மனதை அரித்துக்கொண்டே இருக்கும் என்று 1927-இல் புளூமா ஸெய்கார்னிக் சொன்னதை இங்கே சிலர் எடுத்து நீட்டக்கூடும். அரிக்கத்தான் செய்கிறது. அரிக்கும் இடத்தில் சொறிவதற்கு ஒரு புது கேம் தொடங்கப்படுகிறது.

மறுப்புரைகளையும் பார்த்துவிடுவோம். 'ஸ்டார்டியூ வேலி'யை எரிக் பரோன் நான்கு வருடத்துக்கு மேல் தனியாளாக உட்கார்ந்து, முகங்களைத் திரும்பத் திரும்ப வரைந்து 2016-இல் வெளியிட்டாரே என்பது முதல் மறுப்பு. உண்மை. ஆனால் வருமானத்துக்குப் பகுதிநேர வேலை ஒன்று, மற்ற பொழுதெல்லாம் கேம் என்று கிடந்தவர் அவர். மண்டியில் கணக்கெழுதிவிட்டு வந்து உட்காருபவருக்கு அவர் காட்டும் வழி தாமதத்துக்கு ஒரு சாக்காக மட்டுமே பயன்படுகிறது.

இரண்டாவது மறுப்பு உள்ளூர்த் தன்மையது. இதைத் தொட எந்த ஆய்வாளருக்கும் கை நடுங்கும். பென்னிகுயிக். கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போக, மறுபடி கட்டி, 1887-இல் தொடங்கிய முல்லைப் பெரியாறு அணையை 1895-இல் முடித்தவர். சொந்தச் சொத்தை விற்றார் என்பது இங்கே வீட்டுக்கு வீடு சொல்லும் கதை. ஹார்ட் டிஸ்க் போனவரெல்லாம் அவர் பெயரைச் சொல்லித்தான் ஆறுதல் அடைகிறார். அவருக்கு அக்கரையில் ஒரு மாவட்டமே தண்ணீருக்காகக் காத்திருந்தது என்ற சிறு வேறுபாட்டை இவர்கள் கவனிப்பதில்லை. மேலும் அதே அணைக்காக 1886-இல் எழுதிய குத்தகை 999 வருடத்துக்கானது. காலக்கெடு பற்றி இவ்வூர்க்காரர்களுக்குள்ள நிதானம் இந்தப் பத்திரத்திலிருந்து வந்திருக்கலாம் என்பது ஆய்வாளரின் துணிபு. ஆதாரம் கேட்க வேண்டாம்.

தீர்வு பந்தலில் தொங்குகிறது. காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டிப் பக்கம் போனால் 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சைத் தோட்டங்கள். கொடியைப் போகிற போக்கில் விட்டால் பந்தல் முழுக்க இலையாகப் படரும், பார்க்கவும் அழகாக இருக்கும், காய் இருக்காது. விவசாயி கவாத்துக் கத்தரியோடு ஏறி, நன்றாக இருக்கும் கொடியையே வெட்டிவிடுகிறார். வெட்டிய நாளிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் குலை. ஒரு தோட்டம் கவாத்தில் நிற்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் அறுப்பு நடக்கும். அதனால்தான் வருடம் முழுக்க இங்கே பழம். ஊக்கம் வந்ததா வரவில்லையா என்று எந்தத் தோட்டத்திலும் யாரும் விசாரிக்கவில்லை. கவாத்து அடித்த தேதி இருக்கிறது, வியாபாரி வந்து நிற்பார்.

கவாத்துப் பண்ணிய கேமுக்குத் தமிழிலேயே சான்று உண்டு. கனடாவின் டொரொண்டோவில் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட 'வெண்பா'. ஓர் அம்மா, ஓர் அடுப்படி, சிதைந்துபோன ஒரு சமையல் குறிப்புப் புத்தகம். ஒரே மூச்சில் ஆடி முடித்துவிடலாம். 2024-இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருது அதற்குத்தான் கிடைத்தது. அதிலும் கிழிசல் இருக்கிறது. ஆனால் அழிந்துபோன குறிப்புகளைக் கண்டுபிடித்துச் சமைப்பதுதான் அங்கே விளையாட்டே. காற்றில் படபடப்பதோடு அதன் வேலை முடிந்துவிடவில்லை.

இந்த முடிவுகள் கம்பத்துத் தம்பியிடம் இரண்டு டீயோடு சமர்ப்பிக்கப்பட்டன. ஆச்சரியம், ஏற்றுக்கொண்டார். பக்கவாட்டுப் பார்வை போதும் என்று எட்டுத் திசையை ஒன்றாக்கினார். இடப்பக்கம் போக வேண்டுமென்றால் படத்தைக் கண்ணாடியாகத் திருப்பிவிடலாம். ஆக 48 படம் ஆறானது. எலுமிச்சம்பழம் போனது. மிளகாய் போனது. தூக்குவாளி ஒன்று மிஞ்சியது. அடுத்த வாரமே ரோடு வந்துவிட்டது, மூன்று வளைவோடு. ஆளேற்றினால் ஜீப் திணறுகிறது, இறக்கினால் துள்ளுகிறது; ஆடவும் நன்றாகவே இருக்கிறது.

அந்த ஆறையும் ஒன்றாக்கி, கிழிசலைத் தைத்துவிடலாமே என்று ஆய்வாளர் சொல்லிப் பார்த்தார்.

"அதுல மட்டும் கை வைக்காதீங்கண்ணே. எங்க மாமா வண்டி அது, அப்பிடித்தான் கிழிஞ்சிருக்கும்."

ஆய்வின் முடிவுகளோடு ஒத்துப்போகாத காரணத்தால் இத்தரவு கணக்கில் சேர்க்கப்படவில்லை.